உலையை நிறுத்தச் சொன்னவள்

“நிறுத்துடா! கொஞ்ச நேரம் நிறுத்தினா உன் தலையா போயிடும்?”

துத்தநாக ஆலையில், கல்லை வறுக்கும் உலையின் கட்டுப்பாட்டு அறைக்குள் வெறுங்காலோடு நின்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து கணவன் வேலை செய்யும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள்; நாற்றம் ஒத்துக்கொள்ளாதாம். வாசலில் தடுத்த காவல்காரரிடம் என்ன சொன்னாளோ, மனிதர் இன்னும் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

பொறுப்பில் இருந்தவன் அவள் கணவனிடம் வேலை பழகியவன். ஆறடி உயரம், ஆகவே எல்லோருக்கும் ‘குட்டை’.

“அண்ணி, துத்தநாகக் கல்லுல இருக்கிற கந்தகம் எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். நிறுத்திட்டு மறுபடி மூட்டினா, சூடு ஏறுற வரைக்கும் அமில ஆலை வாயுவை வாங்காது. அத்தனையும் புகைபோக்கி வழியா நம்ம தெருவுக்குத்தான் வரும். அண்ணனே சொல்லிக் குடுத்தது.”

“உன் அண்ணனுக்கு மூச்சே வரலடா. எந்தக் குழாய் ஒழுகுதோ, வீடு பூரா நெடி. ஆஸ்பத்திரி வண்டி வர்ற வரைக்கும் தாங்கணும்.”

அதட்டல் அதோடு தீர்ந்துபோனது. தெருவில் ஒருத்தரிடமும் பணியாத அந்த வாய்க்காரி அவன் காலைத் தொடக் குனிந்தாள். அவன் பதறிப் பின்வாங்கி, உலைக்குப் போகும் கல்லையும் காற்றையும் நிறுத்தினான்.

அவள் வீடு திரும்பியபோது, துணைக்கு இருக்கிறேன் என்று வந்த எதிர்வீட்டுத் தையல்காரி அலமாரி வரை பார்த்து முடித்திருந்தாள். “நல்லாத்தான் இருக்காரு” என்றாள், அவரைப் பார்க்காமலே.

நெடி மெல்லக் குறைந்தது. கணவனின் நெஞ்சு நிதானப்பட்டது. ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கியது. பிறகு அவர் காது கொடுத்துக் கேட்டார். உலையின் இரைச்சல் இல்லை.

“யாரு… நிறுத்துனது?”

“யாரோ. நீங்க மூச்சு விடுங்க.”

“திரும்ப மூட்டுவாங்க… பக்கத்து வீட்டுல கைக்குழந்தை… ஜன்னலச் சாத்தச் சொல்லு.”

சேர்த்த மூச்சையெல்லாம் அதற்கே செலவழித்துவிட்டார்.

அவள் போகவில்லை. கையை விட்டால் போய்விடுவார் என்று இறுகப் பிடித்திருந்தாள். பிடித்திருக்கும்போதே போய்விட்டார்.

தையல்காரிதான் வீடு வீடாக ஓடினாள். சாவையும் சொன்னாள், ஜன்னலைச் சாத்தவும் சொன்னாள். அவள் கொண்டுபோன சேதியில் ஒரு சொல்கூடக் கூடுதலாக இல்லாதது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரி வண்டி வந்து காலியாகத் திரும்பியது. உலையை மறுபடி மூட்டினார்கள். கூடியிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, இருமியபடி ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

அவள் எழுந்து ஒரு துண்டை நனைத்துப் பிழிந்தாள். இரண்டாக மடித்து அவர் மூக்கின் மேல் வைத்தாள். ஒரு பக்கம் விலகியிருந்தது. சரிசெய்தாள்.