கோடு விழாத படம்

வலது தோள் விடிந்ததிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. அச்சுச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அண்ணனுக்கு அந்த மூட்டு தேய்ந்தே போயிருந்தது. தைலம் போட்டால் எரிச்சல்தான் மிச்சம்.

முதலாளியிடம் இருந்தவை பாட்டன் பூட்டன் காலத்துச் செப்புத் தகடுகள். யாரோ வரைந்த மேய்ச்சல் நில ஓவியங்களை வேறு யாரோ உளி பிடித்துக் கோடுகோடாக வெட்டிவைத்தவை. தம்பி தகட்டில் மை பூசித் துடைப்பான். மேலே ஈரத்தாள், அதற்கும் மேலே கம்பளி போர்த்துவான். அண்ணன் சக்கரத்தைச் சுற்ற, எல்லாம் இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே நசுங்கிப் படமாகும். பாதியில் மட்டும் நிறுத்தக் கூடாது. நின்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். அப்புறம் அது குப்பை.

“இவனப் பாருண்ணே.” தகட்டில் மரத்தடியில் சாய்ந்திருந்த இடையனைக் காட்டினான் தம்பி. “ஆடு அது பாட்டுக்கு மேயுது, தொரை குழல் ஊதுறாரு. ஒரு நாள் நம்ம சக்கரத்தப் புடிக்கச் சொல்லணும்.”

“புடிச்சா குழல் எங்க ஊதுறது? வாயில நுரைதான் தள்ளும். தாளப் போடுடா. பழைய தாள்ல இதுதான் கடைசி, இனிமே கெடைக்காது. கெட்டுப்போச்சுன்னா முதலாளி ரெண்டு பேரையும் வெளிய தள்ளிருவாரு.”

தாள் பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது.

“நிறுத்துண்ணே! கம்பளி மடியுது!”

அண்ணனுக்குக் கேட்டது. நிறுத்தினால் இடையனின் இடுப்பில் கோடு விழும் என்பதும் தெரிந்தது. இன்னும் கால் சுற்று. போனால் தேறிவிடும். நோகிற தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

மடிப்பை நீவ, தம்பி அதற்குள் உருளைகளுக்கு நடுவே வலது கையை விட்டிருந்தான்.

முதலாளி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கறைபட்ட ஓரத்தை வெட்டிவிட்டால் போதும் என்றார்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் வலது கை, மணிக்கட்டில் போட்ட கட்டோடு முடிந்திருந்தது.

“படம் தேறிச்சாண்ணே?”

“தேறிச்சு.”

“நிறுத்துன்னு கத்துனேனே. கேக்கலையா?”

“மிஷின் சத்தத்துல எங்கடா...”

கையால் சுற்றும் அச்சு அது. முனகக்கூடச் செய்யாது, தினமும் அதற்கு எண்ணெய் விடுகிறவனே தம்பிதான். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அண்ணன் தம்பிக்குத் தர வேண்டியது ஒரு வலது கை.