உச்சிவெயிலும் ஒரு சிரட்டை உப்பும்

கருப்பட்டியும் தின்றால் தீரும், மீனும் தின்றால் தீரும். பிறகு ஏன் பக்கத்தில் செல்லக்கனி விற்கும் கருப்பட்டிக்குக் காலையிலும் மாலையிலும் ஒரே விலை, தன் அயிலை மீனுக்கு மட்டும் உச்சிவெயிலில் பாதி விலை? புதுக்கடைச் சந்தையில் முதன்முதலாக மீன் சுமக்கும் ஓலைக் கடவத்தை இறக்கிவைத்த நாளிலிருந்தே விக்டோரியாவுக்கு இது பிடிபடவில்லை.

அவள் மீன் விற்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. விடியலில் இனயம் கரையில் மீன் எடுத்து, சுமந்து நடந்து வருவாள். விற்று அரிசி வாங்கினால்தான் அந்திக்கு மகள் கிரேசிக்குக் கஞ்சி.

"என்ன மக்கா, வெல கொறைச்சியா?" வேப்பமர நிழலில் உட்கார்ந்தபடியே கேட்டார் சோற்றுக்கடை ரசலையன். அந்திச் சாப்பாட்டுக் குழம்புக்கு அவருக்கு மீன் வேண்டும்.

"காலையில சொன்ன வெலதான் அண்ணே."

"சொல்லு, சொல்லு. எனக்கென்ன அவசரம்? அவசரம் உன் கடவத்துக்கு."

செல்லக்கனி சிரித்தாள். "ஏட்டி, அவரு மீனு வாங்க வரல்ல. மீனுக்குக் கண்ணு மங்குதத வேடிக்க பாக்க வந்திருக்காரு!"

விக்டோரியா சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். மீனின் கண்ணில் வெள்ளை படரத் தொடங்கியிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் கணவன் யேசுதாசனின் கட்டுமரம் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் உடல் முட்டத்துக் கரையில் ஒதுங்கியது. செய்தி கேட்டு ஓடியும் நடந்தும் அவள் போய்ச் சேர்ந்தபோது, கல்லறைத் தோட்டத்தில் மண் மூடியிருந்தது. "வெயிலு ஏறிட்டு. அதுக்குமேல வச்சிருக்க முடியல்ல மக்கா" என்றார் ஒருவர். நல்ல மனிதர்கள், ஜெபம் சொல்லித்தான் அடக்கியிருந்தார்கள். ஆனால் அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அன்றைக்கும் ரசலையன் சொன்ன விலைக்கே மீன் போயிற்று. கிரேசி குடித்த கஞ்சியில் பருக்கையைவிடத் தண்ணீர்தான் அதிகம். வெறும் வயிற்றோடு படுத்த விக்டோரியாவுக்கு உறக்கம் வரவில்லை. மீனை ரசலையன் வெறுக்கவில்லை, அது வெயிலில் காத்திராது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். கருப்பட்டி காத்திருக்கும்.

மறுநாள் கடவத்தோடு ஒரு கத்தி, ஒரு மண்பானை, ஒரு சிரட்டை உப்பு வந்தன. வெயில் ஏறியதும் ரசலையன் நிழலில் வந்து உட்கார்ந்தார். விக்டோரியா ஒரு மீனைக் கீறிக் குடலை எடுத்து, உப்பைத் திணித்துப் பானைக்குள் வைத்தாள்.

"இது என்ன கூத்து மக்கா?"

"கருவாடு அண்ணே. மாசக்கணக்கா இருக்கும்."

இரண்டாவது மீன். மூன்றாவது. கைக்கீறலில் உப்பு எரிந்தது. இந்த உப்பால் யேசுதாசனின் முகத்தை இனித் திருப்பிக் கொண்டுவர முடியாது என்று நினைத்தபோது கண் நிறைந்தது. துடைக்கவில்லை, நான்காவது மீனை எடுத்தாள்.

ரசலையன் எழுந்துவிட்டார். "நில்லு, நில்லு! கடைக்கு வாறவனுக்கு நான் கருவாட்டையா போட முடியும்? மிச்சத்த காலையில சொன்ன வெலைக்கே தா."

பச்சை மீன் உச்சிவெயிலைத் தாண்டாது, உப்பிட்டது தாண்டும். அதனால், காத்திருந்து விலை குறைக்கிறவரின் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாக உப்பிட வேண்டும்.