சிடிக்கு வைத்த பொட்டு

முப்பத்தேழு வருடம் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன் நான், ரத்னவேல். வண்டி ஓடவில்லை என்றால் முதலில் டிரைவரைச் சந்தேகப்படுவேன், அப்புறம் பேட்டரியை, கடைசியில்தான் எஞ்சினை. ஆனால் அன்று காலை எங்கள் பொங்கோல் வட்டாரத்து வீட்டில் சக்தியின் சிடி பதினேழாவது பதிவுக்குப் போனதும் ‘டிக் டிக்’ என்று நின்றபோது, அந்த வரிசையெல்லாம் மறந்து பிளேயரின் தலையில் ஓர் அடி போட்டேன்.

“அடிச்சா பாடுமா?” என்றாள் விசாலாட்சி, என் மனைவி.

“அடிக்காம இருந்தப்பவும் பாடலையே.”

சக்தி எங்களுக்கு ஒரே பையன். 2011இல் அவனுக்கு வயது இருபத்தொன்று. அம்மாவின் பிறந்தநாளுக்காக அவளுக்குப் பிடித்த பழைய பாட்டுகள் பதினாறைச் சேர்த்துத் தன் கணினியிலேயே சிடியாகப் பதிந்தான். பதினேழாவதாக அவனே அம்மாவிடம் பேசிப் பாடியிருந்தான். “அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடாதீங்கப்பா, சர்ப்ரைஸ் லா” என்று என்னிடம் மட்டும் சிடியை எடுத்துக் காட்டினான், போடவில்லை. பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, விரைவுச்சாலையில் ஒரு லாரி அவனுடைய மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள், விசாலாட்சி குளிக்கப் போயிருந்த நேரத்தில் அந்தச் சிடியைப் போட்டேன். அவள் வந்ததும் விஷயத்தைச் சொல்லி, “நான் கேட்டுட்டேன். நல்லா பேசியிருக்கான். நீ இப்ப கேட்டா தாங்க மாட்டே” என்று சொல்லி, சாமி மேடையில் அவன் படத்துக்கு முன்னால் வைத்தேன். அதன் பிறகு அவள் எத்தனையோ முறை கேட்டாள். போடப் போடக் கீறல் விழும், இருப்பது ஒன்றே ஒன்று என்று ஒவ்வொரு முறையும் வாயை அடைத்தேன். நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். என் பையன் குரலைக் கண்டவன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய கணினியும் வீடு மாறும்போது போய்விட்டது.

போன மாதம் காது டாக்டர், விசாலாட்சிக்கு இரண்டு காதும் இறங்கிக்கொண்டே வருகிறது, கருவி வைத்தாலும் ரொம்ப நாளைக்குத் தாக்குப்பிடிக்காது என்றார். வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“காது இருக்கிறப்பவே ஒரு தடவ கேட்டுடுறேங்க. இனிமே தள்ளிப் போடாதீங்க.”

இதற்கு மேல் மறுத்தால் நான் மனிதனே இல்லை.

அதனால்தான் அந்த அடி. பிறகு புத்தி வந்து, முறைப்படி பார்க்க ஆரம்பித்தேன். கடையில் வாங்கிய வேறொரு சிடியைப் போட்டேன்; ஜோராகப் பாடியது. பிளேயரின் லென்ஸைப் பஞ்சால் துடைத்தேன். சக்தியின் சிடியைத் திருப்பி, பளபளக்கும் அடிப்பக்கத்தை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லிய துணியால் துடைத்தேன். ஒரு கீறல் இல்லை, பதினாலு வருடம் கண்ணுக்குள் வைத்துக் காத்ததாயிற்றே. காத்தோங்கில் இருக்கும் மைத்துனன் சுந்தரேசனின் பழைய காரில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் பதினாலாவது பாட்டு வரை சுத்தம்; பதினைந்தில் திக்கியது; பதினேழில் ஒன்றுமில்லை.

“கடைக்குக் கொண்டு போங்க மாமா” என்றான். வேறு வழியில்லாமல் ஜாலான் புசாரில் ஆடியோ சாமான் பழுதுபார்க்கும் முபாரக்கிடம் போனேன்.

முபாரக் அதைப் பிளேயரில் போடவே இல்லை. விளிம்பைப் பிடித்து, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கினான்.

“இங்க பாருங்க அங்கிள்.”

வெளி ஓரத்தில் மூன்று இடங்களில் வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது.

“பூச்சு உரிஞ்சு போச்சு. கடைசிப் பாட்டெல்லாம் இந்த ஓரத்துலதான் இருக்கும்.”

“அடிப்பக்கத்துல ஒரு கீறல் காட்டு பாப்போம்” என்றேன், சண்டைக்குப் போகிறவன் மாதிரி.

“அடிப்பக்கம் வெறும் பிளாஸ்டிக் அங்கிள், கீறினாக்கூட பாலிஷ் போடலாம். பதிவு இருக்கிறது மேல்பக்கம், பேர் எழுதுறோமே, அதுக்கு நேர் கீழ. அங்கதான் ரொம்ப மெலிசு. இதுல என்ன ஒட்டி உரிச்சீங்க? ஸ்டிக்கரா?”

“ஸ்டிக்கர் இல்ல, பொட்டு” என்றேன்.

சரஸ்வதி பூஜைக்குப் பணிமனையில் ஸ்பேனர் முதல் பஸ் வரைக்கும் சந்தனப் பொட்டு வைத்தே பழகியவன். வீட்டிலும் அன்றைக்குச் சக்தியின் புத்தகங்களோடு இந்தச் சிடியையும் வைப்பேன். அடிப்பக்கத்தைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியுமே, பெரிய மெக்கானிக் ஆயிற்றே. மேல்பக்கத்தில் அவன் பேனாவால் ‘அம்மாவுக்கு’ என்று எழுதியிருந்தான். அது அழியாமல் இருக்க, ஓரமாகப் பார்த்து மூன்று இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அடுத்த வருடம் காய்ந்ததை ஈரத்துணியால் ஊறவைத்து, நகத்தால் சுரண்டிவிட்டு, அதே இடத்தில் புதுப் பொட்டு. பதினாலு வருடம். விசாலாட்சி வைக்கிறேன் என்று வந்தபோதெல்லாம், உனக்குப் பதமாக வராது என்று நான்தான் விரட்டினேன்.

இதை முபாரக்கிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிடியைக் கணினியில் போட்டான். வேகத்தைக் குறைத்து, வேறு டிரைவ் மாற்றி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். பதினாறு பாட்டில் பதினாலு வந்தது; எந்தக் கைப்பேசியிலும் இன்றைக்கே கேட்கலாம் அவற்றை. என் பையன் மட்டும் வரவில்லை.

“சாரி அங்கிள். உரிஞ்ச இடத்துல ஒண்ணுமே இல்ல, எடுக்கிறதுக்கு.”

ரயிலில் வரும்போது பொய்களாக அடுக்கிப் பார்த்தேன். சிடி பழசு, சக்தி சரியாகப் பதியவில்லை. அந்த இரண்டாவது பொய் மனதில் வந்ததற்காகவே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் விசாலாட்சி காதுக் கருவிக்குப் புது பேட்டரி போட்டு, பிளேயர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், நகம், பதினாலு வருடம், எதையும் விடவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சரி, நீங்க கேட்டீங்கல்ல” என்றாள். “என்ன சொன்னான்னு சொல்லுங்க. அது போதும்.”

ஏதாவது புனைந்து சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். என்னால் முடியவில்லை.

“நான் கேக்கல விசாலம். ‘அம்மா’ன்னு ஆரம்பிச்சான். அந்த ஒரு வார்த்தைதான். தாங்க முடியாம ஆஃப் பண்ணிட்டேன். அப்புறம் போடவே இல்ல. உங்கிட்ட பொய் சொன்னேன்.”

அவள் கருவி இருந்த காதை என் பக்கம் திருப்பினாள்.

“எப்படிக் கூப்பிட்டான்? சொல்லிக் காட்டுங்க.”

கிட்டே போய்க் குனிந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எனக்கு ஞாபகம் இருந்த மாதிரியே, “அம்மா” என்றேன்.

கண்ணை மூடிக் கேட்டவள் தலையை ஆட்டினாள்.

“இப்படி இல்ல” என்றாள். “இன்னொரு தடவ சொல்லுங்க.”