திடீர்ச் சோதனைக்கு ஒத்திகை

திடீர்ச் சோதனைக்கான ஒத்திகை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்று இரண்டு வாரம் முன்பே முடிவாகிவிட்டது. இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் கடற்கரையில் இருந்த அந்த முதியோர் இல்லத்தின் அலுவலகத்தைக் கட்டி ஆண்ட பெவர்லி, அதற்காகவே உயர்ந்த ரக பிஸ்கட் ஒரு டப்பா வாங்கி வைத்தாள். குடிவரவு அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்களாம். தாள்களில் ஒரு குறை தெரிந்தாலும் வெளிநாட்டு ஆள் வைக்கும் உரிமம் பறிபோகுமாம். முதலாளி டெரிக் பயந்துபோய், ஒத்திகை நடத்த டோபி என்ற ஆலோசகரை அமர்த்தினார். டோபி எடுத்த எடுப்பிலேயே ஒரு நிபந்தனை போட்டார். வேலை செய்யும் உரிமைக்குச் சான்று காட்டாதவர், யாராக இருந்தாலும், அதைக் கொண்டுவரும் வரை வீட்டில் இருக்க வேண்டும்.

“சரியான பேச்சு. இதுல தாட்சண்யமே கூடாது,” என்றாள் பெவர்லி.

தாட்சண்யம் அவளுக்குப் பழக்கமும் இல்லை. ஒன்பது வெளிநாட்டுப் பணியாளர்களையும் ஒரு வாரமாக வறுத்தெடுத்தாள். ஜிம்பாப்வேக்காரி நோமாலங்காவிடம் முகவரிச் சான்று மட்டும் மூன்று தடவை வாங்கினாள். நோமாலங்கா முகம் சுளிக்காமல் கொடுத்தாள். உரிமம் போனால் பிள்ளைகளோடு அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டியவளுக்கு முகம் சுளிக்க ஏது வசதி?

செவ்வாயன்று டோபி ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து, வாசலில் நின்று மணி பார்த்து, சரியாகப் பத்துக்குத் திடீரென்று நுழைந்தார். ஒன்பது கோப்புகளையும் புரட்டினார். ஒரு புள்ளி பிசகவில்லை. பெவர்லி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“பிரமாதம். மீதி இருபத்திரண்டு பேரோடது?”

“அவங்க எல்லாம் நம்ம ஆளுங்க, கண்ணு.”

“எப்படித் தெரியும்?”

“வாயைத் தொறந்தாத் தெரியாதா?”

டோபி பேனாவை மூடினார். “தயவுசெஞ்சு இதை அதிகாரிகிட்ட சொல்லிடாதீங்க. ஆளைப் பாத்துச் சோதிக்கிறதுதான் பெரிய குத்தம். எல்லாருக்கும் கோப்பு வேணும்.”

அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். சமையல்காரர் கெய்த் கொண்டுவந்த பாஸ்போர்ட்டிலிருந்து ஸ்பெயின் கடற்கரை மணல் உதிர்ந்தது. மதியத்துக்குள் இருபத்தொரு பேருடையது சேர்ந்துவிட்டது.

மிச்சம் பெவர்லி. அவள் விமானம் ஏறியதே இல்லை. கோடை விடுமுறைக்கு அதே கடற்கரையோரம் விட்பியில் ஒரு கேரவன் வண்டிவீடு போதும் அவளுக்கு. பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து மேசைமேல் தட்டி வைத்தாள்.

டோபி படித்தார். “புலவாயோன்னு போட்டிருக்கே?”

“ஆமா. அப்பாவுக்கு அங்க ரயில்வேல வேலை. மூணு வயசுல இங்க வந்துட்டோம்.”

“அது ஜிம்பாப்வே.”

“இப்பத்தான் ஜிம்பாப்வே! நான் பொறந்தப்ப அது நம்மளது!”

“நீங்க பிரிட்டிஷ்தான், அநேகமா. ஆனா இந்தத் தாள் அதைச் சொல்லலையே. உங்களை வேலைக்கு எடுத்தப்ப யாரும் எதுவும் கேக்கலையா?”

பதினோரு வருடம் முன்பு, இருவரும் விளையாடப் போகும் பந்துருட்டு மன்றத்தில் வைத்து, டீக்கு எத்தனை சர்க்கரை என்று மட்டும் டெரிக் கேட்டிருந்தார். இப்போது மேசையோரம் நின்ற அவர் பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பெவ், கொஞ்ச நாள் வீட்டுல இரேன்.”

“டெரிக்! நான் இல்லாம இந்த இடம் ஒரு நாள் ஓடுமா?”

“அவங்க ஒம்பது பேர் இல்லாமத்தான் ஓடாது. மாடியில இருக்கிறவங்களை யாரு தூக்கிக் குளிப்பாட்டுவா? உன்னோடது... ஃபைலுதானே.”

பெவர்லி எழுந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு அலுவலகத்தை விட்டு வெளியே வந்தவள், இல்லத்தின் நடைக்கூடத்தில் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றாள். விஷயம் அதற்குள் சலவை அறை வரை போயிருந்தது. நோமாலங்கா துண்டுகளைச் சுமந்தபடி வந்து நின்றாள்.

“புலவாயோல எந்த ஆஸ்பத்திரி?”

“தெரியாது,” என்றாள் பெவர்லி. அறுபது வயதுவரை அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“பரவாயில்ல. அப்பாவோட பழைய தாளெல்லாம் தேடி எடுங்க. அங்க பதிவு ஆபீஸ்ல ஏதாவது வேணும்னா எங்க அக்கா போய் நிப்பா. நிக்கிறது எங்களுக்குப் புதுசா என்ன?”

பெவர்லி உடைந்து அழுதாள். நோமாலங்கா ஒரு துண்டை உருவிக் கொடுத்தாள்.

“அழுங்க, தப்பில்ல. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கும்போது மட்டும் முகத்துல எதையும் காட்டிடக் கூடாது. எங்களைப் பாத்திருக்கீங்கல்ல, அது மாதிரி வச்சுக்கணும்.”