இறந்தவர் குரலில் ஒரு திருத்தம்

மார்ச் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், பேருந்து நிலைய அறிவிப்பாளர் ஒருவரின் குரல் அவருடைய இசைவைப் பெறாமலே பறிக்கப்பட்டு, அன்று விடியலில் விடுதி அறையொன்றில் இறந்துகிடந்த புகழ்பெற்ற பாடகரின் குரல் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. இதைச் செய்தவர் யார் என்று இன்றுவரை எவரும் விசாரிக்கவில்லை. ஒருவருடைய மிதிவண்டி காணாமற்போனால் காவல் நிலையத்தில் புகார் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவருடைய குரல் காணாமற்போனால் அவரை அதிர்ஷ்டக்காரர் என்கிறார்கள். அறிவிப்பாளரின் குறை இதுதான். அது தீர்க்கப்படவில்லை.

அவருடைய சொந்தக் குரல் அழகானதன்று. காய்ந்த ரொட்டியைக் கத்தியால் சுரண்டுவதுபோல் இருக்கும் என்று அவருடைய மனைவியே சொல்வாள். ஆயினும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அக்குரலைக் கேட்டுத் தவறான பேருந்தில் ஏறியவர் ஒருவர்கூட இல்லை. அந்நிலையத்தில் இரண்டு விதிகள் இருந்தன. எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்லவேண்டும்; முதல் முறை பயணியின் தலையை நிமிர்த்துவதற்கு, இரண்டாம் முறை அவருக்குச் செய்தியைச் சேர்ப்பதற்கு. அறிவிப்பில் பிழை நேர்ந்துவிட்டால், பிழையைச் சொன்ன குரலே திருத்தத்தையும் சொல்லவேண்டும். வேறொரு குரல் திருத்தினால், பயணிகள் அதைப் புதிய அறிவிப்பென்று எண்ணிக்கொண்டு, பழைய பிழையையும் நம்பி, இரண்டு தடங்களுக்கும் நடுவே பெட்டியோடு ஓடுவார்கள். ஒருமுறை, தடம் மாற்றிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்ட பெண் ஊழியரைக் காய்ச்சலோடு வண்டியில் ஏற்றிவந்து திருத்தம் சொல்லவைத்தார்கள். இவ்விரு விதிகளையும் அறிவிப்பாளர் இரு கண்களாகப் போற்றிவந்தார்.

அன்று காலை ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, "ஏழாம் தடத்தில் நிற்கும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்றார். நிலையமெங்கும் ஒலித்தது பாடகரின் குரல்; கேட்பவரின் பின்கழுத்தில் கை வைப்பது போன்ற, நாடு முழுவதற்கும் தெரிந்த அதே குரல். பயணச்சீட்டு கொடுக்கும் பெண், சற்றுமுன் வானொலியில் மரணச் செய்தியைக் கேட்டிருந்தவள், நாற்காலியோடு சாய்ந்தாள். துப்புரவாளர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அழுதார். நான்கு பேருந்துகள் பயணிகள் இல்லாமலே புறப்பட்டுச் சென்றன. அறிவிப்புக் கூண்டின் நான்கு பக்கக் கண்ணாடிகளிலும் ஆவி படிந்து வெளுத்தது. அறிவிப்பாளர் துணியால் துடைத்தார். அடுத்த அறிவிப்பில் மீண்டும் படிந்தது. தொண்டையைச் சோதித்த மருத்துவர், "தொண்டை உங்களோடதுதான் சார், ஒரு குறையும் இல்ல" என்றார். உண்மைதான், சொற்களும் அவருடையனவாகவே இருந்தன. ஆனால், இருமினால் அந்தப் பாடகர் இருமினார். தும்மினால் சுருதி பிசகாமல் தும்மினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அறிவிப்பாளருக்கு அந்தப் பாடகரைப் பிடிக்காது. அவருடைய மனைவியோ திருமணத்துக்கு முன்பிருந்தே ரசிகர் மன்றத்தின் செயலாளர். குரல் மாறிய அன்று மாலையே அவள் கணவரை நாற்காலியில் உட்காரவைத்து, "ஏதாவது பேசுங்க, எதுவா இருந்தாலும் சரி" என்றாள். என்ன பேசுவதென்று தெரியாமல், அவர் சலவைத்தூள் உறையில் அச்சிட்டிருந்ததை வாசித்தார். வெள்ளைத் துணிகளைத் தனியே ஊறவைக்கவும் என்ற இடத்தில் அவளுடைய மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது என் பேச்சைக் கண்ணை மூடிக் கேட்டிருக்கியா?"

"உங்க பேச்சைக் கேட்டா தூக்கம் வரும்ங்க. அதான் கண்ணை முழிச்சு வச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவருக்கு அது முள்ளாய்த் தைத்தது. அவர் பேசும்போதெல்லாம் அவள் கண்ணை மூடினாள். அவர் வாயை மூடினால்தான் கண்ணைத் திறந்தாள். ஒரு மனிதர் தம் வீட்டிலேயே, தம் வாய்க்குள்ளேயே வாடகைக்கு இருப்பதுபோல ஆயிற்று. சோறு வேண்டும் என்பதைக்கூடத் தட்டைத் தட்டிக் காட்டத் தொடங்கினார்.

விரைவில் வீட்டுக்குப் போவதும் நின்றது. ரசிகர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து நிலையத்தின் இருக்கைகளிலும், கூண்டுக்கு ஏறும் மாடிப்படிகளிலும் குடியேறினார்கள். அவர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்தார்கள். பாட்டுக் கட்சி, பாடகர் முடிக்காமல் விட்ட பாடல்களை அறிவிப்பாளர் பாடி முடிக்கவேண்டும் என்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் மன்றத் தலைவர், காலணிக் கடைக்காரர். மன்னிப்புக் கட்சி, பாடகர் செய்த கொடுமைகளுக்கெல்லாம் அந்தக் குரல் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றது. அதில் பெரும்பாலோர், ஒரு காலத்தில் படுக்கைக்கு மேலே அவருடைய படத்தை ஒட்டியிருந்தவர்கள். இரு கட்சியாரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் இறந்தவரை எடைபோட்டார்கள்.

"அண்ணன் எத்தனை பேருக்கு ஆபரேஷனுக்குக் குடுத்திருக்காரு தெரியுமா?"

"குடுத்தாரு. பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதும் அவருதானே!"

"என்னதான் குடிச்சிருந்தாலும் மேடையில சுருதி விலகினது உண்டாய்யா?"

"சுருதி விலகல. ஆளுதான் மேடையை விட்டு விலகி விழுந்தாரு."

அடிதடி நேர்ந்தபின், நிலைய மேலாளர் கூண்டுக்குள் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டு, கதவை வெளிப்புறமாகப் பூட்டினார். "உங்க பாதுகாப்புக்குத்தான் சார்" என்று சொல்லிவிட்டு, ஒழுங்கைக் காக்கும் பொறுப்போடு சாவியையும் மன்றத் தலைவரிடம் கொடுத்தார். ஆட்டுக்கு ஓநாயைக் காவல் வைப்பது நிர்வாகத்துக்குப் புதிதன்று. அதுமுதல் அறிவிப்பாளரின் உலகம், படிக்கட்டுப் பக்கமிருந்த விசாரணைத் துவாரம் ஒன்றாகச் சுருங்கியது. தலை நுழையாது, சாப்பாட்டுப் பாத்திரம் நுழையும். மனைவி நாள்தோறும் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, துவாரத்துக்கு அருகிலேயே படியில் உட்கார்ந்து, கண்ணை மூடி அறிவிப்புகளைக் கேட்பாள். உள்ளே வெளுத்த கண்ணாடிகளுக்கு நடுவில் அவர் தடங்களையும் நேரங்களையும் சொல்லிக்கொண்டிருந்தார். பாடவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இப்படி மூன்று ஆண்டுகள் சென்றன.

நான்காம் ஆண்டின் தொடக்கத்தில், இடக்காலைச் சற்று இழுத்து நடக்கும் பெண்மணி ஒருவர் பையோடு படியேறி வந்தார். பாடகரின் குழுவில் பின்னணி பாடியவர். அவரை எவரும் தடுக்கவில்லை, அடையாளம் காணவும் இல்லை. அந்தப் பெண்மணியைத் திட்டுவதற்கு அவருடைய முகம் அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. மேடைக்குப் பின்னாலிருந்த படிகளில் அவர் உருண்டு காலொடிந்த மறுநாள், பாடகர் வானொலியில், "பாவம், அந்தப் பொண்ணு குடிச்சிட்டுத் தானா விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டும் பாடினார். அந்தப் பாட்டு அவ்வாண்டின் பெரும் வெற்றி. அதன்பின் பாடகியை எவரும் பாட அழைக்கவில்லை.

துவாரத்தில் குனிந்து, தம் ஊருக்குப் போகும் பேருந்து எது என்று கேட்டார். "பன்னிரண்டாம் தடம்" என்ற குரலைக் கேட்டதும் அவருடைய கை துவாரத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டது. பிறகு தாம் யார் என்பதைச் சொன்னார்.

"மன்னிப்புக் கேக்கணுமாம்மா?" என்றார் அறிவிப்பாளர்.

"வேண்டாம் சார். செத்தவரால கேக்க முடியாது. நீங்க கேட்டா அது பொய். அன்னைக்கு வானொலியில சொன்னது தப்புச் செய்தி. அதை யாரு மறுத்தாலும் எடுபடல; நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேன். அந்தக் குரல்ல சொன்னது அந்தக் குரல்ல திருந்தினாத்தான் உண்டு."

மூன்று ஆண்டுகளில் அறிவிப்பாளரின் தொழில் புரிந்து பேசியவர் இவர் ஒருவரே. ஆயினும், உறுதிசெய்யாததை ஒலிபெருக்கியில் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. "நான் பார்க்கலையேம்மா" என்றார்.

"பார்த்தவங்க இருக்காங்க. கையெழுத்து வாங்கப் பூங்கொத்தோட படிக்குக் கீழ நின்னாங்க. என் தலை அவங்க செருப்புல வந்துதான் இடிச்சுது."

பாடகி சுட்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. படியில் உட்கார்ந்திருந்த மனைவி கண்ணைத் திறந்தாள்.

"தள்ளினாருங்க," என்றாள் துவாரத்தை நோக்கி. "ரெண்டு கையாலயும். நான் அன்னைக்கும் கண்ணை மூடிக்கிட்டேன்." பாடகியிடம், "அக்கா" என்று தொடங்கியவள் மேலே சொல்லத் தெரியாமல் காலிப் பாத்திரத்தை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பாளர் ஒலிவாங்கியை அருகில் இழுத்துக்கொண்டார். அவரிடம் மனைவி விரும்பிக் கேட்டது அந்தக் குரல் ஒன்றைத்தான். அதுவும் கடன் வாங்கியது. அதைக் கொண்டு அதையே கறைப்படுத்தினால், அவள் நாளை அந்தப் படியில் உட்காருவாளா என்பது அவருக்குத் தெரியவில்லை. கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. பிறகு விசையை அழுத்தினார்.

"பயணிகளின் கவனத்திற்கு. முந்தைய அறிவிப்பு ஒன்றில் பிழை உள்ளது. பல ஆண்டுகளுக்கு முன் வானொலியில் இதே குரலில் சொல்லப்பட்ட செய்தி தவறானது. பின்னணிப் பாடகி குடித்திருக்கவில்லை. அவர் தானாக விழவும் இல்லை. இக்குரலுக்கு உரியவரால் படியிலிருந்து தள்ளப்பட்டார். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

பாட்டுக் கட்சியினர் எழுந்து நின்றார்கள். மன்னிப்புக் கட்சியினரும் எழுந்து நின்றார்கள், மன்னிப்பு என்ற சொல் வரவில்லையே என்று. மன்றத் தலைவர் தம் கடையின் உயர்ந்த ரகக் காலணி ஒன்றைக் கழற்றிக் கூண்டின்மீது எறிந்தார். அறிவிப்பாளர், விதிப்படி, இரண்டாம் முறையும் தொடக்கத்திலிருந்து சொன்னார். அப்பொழுது கண்ணாடியில் ஆவி படியவில்லை. பழையதும் மேலிருந்து கீழாக வடிந்து இறங்கியது. உள்ளே, வழுக்கைத் தலையும் பொத்தான் அறுந்த கம்பளிச் சட்டையுமாக, மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர் பேசிக்கொண்டிருப்பதை ரசிகர்கள் முதன்முறையாகக் கண்டார்கள்.

"இந்த ஆளா?" என்றார் ஒருவர். "இவரையா இத்தனை நாளா பூட்டி வச்சிருந்தோம்?"

ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். திருந்திப் போனார்கள் என்று எழுத ஆசைதான்; ஆனால், அது பொய். குரலே போலி என்று சிலர் சொன்னார்கள். பலர் இன்றும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பாடல்களைக் கேட்கிறார்கள். தராசின் முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. மன்றத் தலைவர் சாவியைப் படியில் வைத்துவிட்டு, ஒற்றைக் காலணியோடு நொண்டி நொண்டிப் போனார். பாடகி பன்னிரண்டாம் தடத்தில் ஏறி, சன்னலோரம் அமர்ந்து ஊருக்குச் சென்றார்.

மனைவி கதவைத் திறந்தாள். தம் பணி முடிந்தது, இனி அந்தக் குரல் போய்விடும் என்று அறிவிப்பாளர் நம்பியிருந்தார். மறுநாள் காலை, வீட்டில், தொண்டையைச் செருமிப் பார்த்தார். இறந்தவர் செருமினார்.

"போகலையா?" என்றாள் மனைவி.

"போகல."

"இருந்துட்டுப் போகட்டும். பேசுங்க. பார்த்துக்கிட்டே கேக்கறேன்."

குரல் இன்றளவும் போகவில்லை, அவராலும் வேலையை விட்டுப் போகமுடியவில்லை. பழைய செய்தியைக் கேட்டவர்கள் எல்லாரும் அன்று நிலையத்தில் இல்லையே. ஆகவே, ஓய்வு பெறும் வயது கடந்த பின்னரும், நாள்தோறும் காலையில் தெளிந்த கண்ணாடிகளுக்கு நடுவே அமர்ந்து, அத்திருத்தத்தை இரண்டு முறை சொல்கிறார். அதன்பின் ஏழாம் தடத்தைச் சொல்கிறார். பயணிகள் தலை நிமிர்ந்து கேட்டுவிட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறுகிறார்கள்.

இதைப் படிக்கும் நீங்கள் அந்த வானொலிப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களுள் ஒருவராயின், அங்கே செல்லுங்கள். பாடச் சொல்லிக் கண்ணாடியைத் தட்டாதீர்கள். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, முதல் முறையோடு நகர்ந்துவிடாமல், இரண்டாம் முறையும் முழுமையாகக் கேளுங்கள். கேட்டபின், அந்தப் பெண்மணி குடித்துவிட்டு விழுந்தார் என்று நீங்கள் யாரிடம் சொன்னீர்களோ அவரைத் தேடிப்போய், சொன்ன அதே வாயால் திருத்திச் சொல்லுங்கள். அந்தக் கிழவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.