ஆல்சீடின் இறுதி ஊர்வலம்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஆல்சீடை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. டுமேன் தெரு பேண்ட் வாத்தியக் கோஷ்டி எந்த முனையில் கிளம்புகிறதோ, அங்கே மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு நிற்பான். பேண்டுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போவது நியூ ஆர்லியன்ஸில் யாருக்கும் உள்ள உரிமைதான். ஆனால் அவன் ஆடுவது கல்யாணத்துக்கு முன்பிருந்தே. முழங்கால் இரண்டும் போய்விட்டன, ஆட்டம் போகவில்லை.

"ட்ரம்பெட் ஊதுற அந்த லூசியஸுக்கு உன் பேராவது தெரியுமாய்யா?" என்று கேட்டாள் மனைவி எர்லீன், திங்கட்கிழமைக்கே உரிய பீன்ஸ் குழம்பைச் சோற்றில் கொட்டியபடி.

"என்னடி கேள்வி இது? அவர்தானே பேண்டுக்கே தலைவர்! நான் செத்தா காசு வாங்காம வந்து வாசிப்பார்."

"செத்துப் பாரு, தெரியும்."

அவள் விளையாட்டாகச் சொன்னது அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. கடைசியில், செத்தே பார்த்துவிடுவது என்று முடிவுக்கு வந்தான். எர்லீன் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் தெரிந்துகொள்ளும் ஆசை அவளையும் விடவில்லை. லூசியஸுக்குப் போன் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் ஆல்சீட் போய்ட்டார்ங்க. உங்க பேண்டுன்னா அவருக்கு உசிரு. உடம்ப அவங்க அண்ணன் ஹூஸ்டனுக்குக் கொண்டு போய்ட்டார். ஊர்வலமாவது இங்க நடக்கணும்" என்று மூக்கை உறிஞ்சினாள். சனிக்கிழமை காலை வருகிறோம், காசு வேண்டாம் என்றார் லூசியஸ். பக்கத்தில் நின்ற பிணம் ஒரு குதி குதித்தது.

சொன்னபடியே வந்தார்கள், கறுப்பு உடையில். கூட்டமும் சேர்ந்துவிட்டது. யார் செத்தது என்று கேட்கிற பழக்கம் இந்த ஊர்க் கூட்டத்துக்குக் கிடையாது. ஊர்வலம் எந்தத் தெருவழியாகப் போகிறது என்றுதான் கேட்பார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற ஆல்சீட், அழுகைப் பாட்டைக் கேட்டுத் தானும் அழுதான். இப்படி ஒரு சாவுக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

மூலை திரும்பியதும் டிரம் துள்ள ஆரம்பித்தது. ஊர் வழக்கப்படி துக்கம் முடிந்தது, இனி ஆட்டம். பிணமாவது ஒன்றாவது! குடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிக் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

ஒரு மதுக்கடை வாசலில் பேண்ட் இளைப்பாற நின்றது. லூசியஸ் நேராக அவனிடம் வந்தார்.

"எங்கய்யா போன, மஞ்சக்கொடை? பாட்டு முழுக்க உன்னத்தான் தேடிக்கிட்டிருந்தேன். நீ இல்லாம எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

ஆல்சீட் ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டான்: "யாருக்குண்ணே இந்த ஊர்வலம்?"

"யாரோ ஆல்சீடாம். நம்ம பேண்டுன்னா உசிராம். யாருன்னே தெரியல. பொண்டாட்டி அழுதா, வந்துட்டோம்." குரலைத் தாழ்த்தினார். "செத்தவரப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும். உனக்கு ஆளத் தெரியுமா?"

சற்றுத் தள்ளி எர்லீன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்றே நினைத்தார்கள்.

"தெரியும்" என்றான் ஆல்சீட். மனசு வலித்தது. செத்ததுதான் செத்தோம், நாலு நல்ல வார்த்தையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தான். "நல்லா ஆடுவான். இந்த ஊர்லயே அவன மாதிரி ஆட ஆள் கிடையாது."

லூசியஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "செத்தவனப் பத்திப் பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமாய்யா? உன்ன விடவா ஆடிருப்பான்? போய்யா, அத மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

பெயரைச் சொல்லிவிட்டால் ஆல்சீட் பிழைத்துக்கொள்வான். மஞ்சக்கொடை பொய்யனாகிவிடுவான். வாய்வரை வந்த பெயரை விழுங்கிக்கொண்டான்.

"அதுவும் சரிதான்ணே" என்றான். "சுமாராத்தான் ஆடுவான்."