முகாஷ் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் பெர்மெத் தன் அப்பா முகாஷ் ஓட்டும் பயணிகள் வேனில்தான் காரகோல் நகரத்துக்கு வருவாள். ரஷ்ய மொழி வகுப்பு என்று சொல்லியிருந்தாள். பழைய பாலர் பள்ளிக் கட்டடத்து முனையில் அவளை இறக்கிவிட்டு, ஐந்து மணிக்கு மறுபடி ஏற்றிக்கொண்டு கிராமத்துக்குத் திரும்புவது மூன்று மாதமாக முகாஷுக்கு வழக்கமாகியிருந்தது. வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று அவர் கேட்டதில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், நாலு எழுத்துக் கூடப் படித்தால் நல்லதுதானே என்று இருந்துவிட்டார்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் இறங்கவில்லை. மற்ற பயணிகள் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் முன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, நீங்களும் மேல வாங்க.”

“நான் எதுக்கு? எனக்குத்தான் ரஷ்யன் தெரியுமே. பட்டாளத்துல கத்துக்கிட்டது. பாதி கெட்ட வார்த்தை.”

அவள் சிரிக்கவில்லை. “வகுப்பு இல்லப்பா. வாங்க.”

மாடியில் கதவுக்கு வெளியே பெயர்ப்பலகை எதுவும் இல்லை. உள்ளே சுவரில் குழந்தைகளுக்காக வரைந்த வாத்துகள் இன்னும் அழியாமல் இருந்தன. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி எழுந்து வந்தாள்.

“வாங்கண்ணே. என் பேரு சைரா.”

“வணக்கம் டாக்டரம்மா,” என்றார் முகாஷ். மகளுக்கு ஏதோ நோய் என்றுதான் அவருக்குப் பட்டது.

“டாக்டர் இல்லண்ணே. பலாத்காரத்துக்கு ஆளான பொண்ணுங்க இங்க வருவாங்க. அவங்களுக்குத் துணையா இருக்கறதுதான் என் வேலை.” சைரா அவருக்கு நாற்காலியைக் காட்டினாள். “பெர்மெத்து உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம கேட்டாப் போதும்.”

பெர்மெத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஜனவரியில், கூட வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாண விருந்து முடிந்து வந்த சாயங்காலம். தாலாயின் கார். தாலாய் வேறு யாரும் இல்லை, முகாஷோடு இருபது வருடமாக ஒரே தடத்தில் வேன் ஓட்டும் காசிமின் தம்பி.

“வழியில வண்டிய ஏரிப் பக்கம் திருப்பிட்டான். வேணாம்னு சொன்னேன். கத்துனேன். கதவத் தெறக்க முடியல. அவன் என்னைப் பலாத்காரம் பண்ணான்ப்பா.”

அந்த வார்த்தையை அவள் விழுங்காமல் முழுசாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

முகாஷின் வாய் தானாகத் திறந்தது. “அவன் வண்டியில நீ ஏன் ஏறுன?”

பெர்மெத் சைராவைப் பார்த்தாள். பிறகு அப்பாவை.

“நீங்கதான்ப்பா ஏறச் சொன்னீங்க. போன் பண்ணி, பனி கொட்டுது, வேன் கெளம்பாது, தாலாய் அந்தப் பக்கம் வர்றான், அவன்கூட வந்துடுன்னு சொன்னீங்க. இது என் வாயால வரக்கூடாதுன்னுதான் நாலு மாசமா உங்ககிட்ட எதையுமே சொல்லாம இருந்தேன்.”

அவர் எழுந்தார். சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தடவினார்.

“எங்கப்பா?”

“வேன் ஸ்டாண்டுக்கு. அவன் இந்நேரம் அண்ணன்கூட அங்கதான் நிப்பான்.”

“பாத்தீங்களாக்கா? நான் சொன்னேன்ல,” என்று சைராவிடம் சொன்ன பெர்மெத்தின் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. எழுந்து பக்கத்திலிருந்த சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

சைரா வாசலை மறிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

“போறதுன்னா போங்கண்ணே. அவனக் குத்திட்டு நீங்க உள்ள போயிட்டா, வாராவாரம் ஜெயில் வாசல்ல ரொட்டியத் தூக்கிட்டு நிக்கப் போறது யாரு? அவதானே?”

முகாஷ் நின்றார். நின்றபடியே முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். “நான்தான்மா அனுப்புனேன். என் வாயாலதான் அனுப்புனேன்.”

“வீட்டுக்குக் கொண்டுவந்து விடச் சொன்னீங்க. அவ்வளவுதான் நீங்க செஞ்சது. மத்ததெல்லாம் அவன் செஞ்சது. அவ ஏறுனதும் தப்பில்ல, நீங்க ஏறச் சொன்னதும் தப்பில்ல. இத நம்பறதுக்கு அவளுக்கே மூணு மாசம் ஆச்சு. உங்களுக்கும் நாளாவும். ஆனா இந்த அழுகைய அவ முன்னாடி கொண்டு போவாதீங்க. தன் கஷ்டத்த விட்டுட்டு உங்களத் தேத்த ஆரம்பிச்சுடுவா. இங்க அழுங்க, நேரம் இருக்கு.”

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார். “அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

“நான் சொல்லிக்குடுத்துச் சொன்னீங்கன்னா கண்டுபிடிச்சுடுவா. உங்களுக்குத் தோணறதச் சொல்லுங்க. கேள்வி மட்டும் வேணாம்.”

சமையலறையில் பெர்மெத் கழுவின கோப்பைகளையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். முகாஷ் கதவருகே நின்றார்.

“நீ சொன்னத நம்பறேன்மா. நான் கேட்டதுதான் தப்பு.”

அவள் குழாயை மூடினாள். “அம்மாவுக்குத் தெரியும்.” அம்மா மாஸ்கோவில் ஓட்டல் அறைகள் துடைக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை போனில்தான் குடும்பம்.

“எப்பலேருந்து?” என்று கேட்டுவிட்டு முகாஷ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெர்மெத்துக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரோடு வந்தது. “அது கேக்கலாம்ப்பா. போன மாசத்துலேருந்து.”

புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவள் இன்னும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு வாரமும் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் தன் வாழ்நாளில் தான் செய்த கடினமான வேலை என்று முகாஷ் பிற்பாடு சொல்வார். போலீஸ் நிலையத்துக்கு சைராவும் கூட வந்தாள். விசாரணை அதிகாரி பெர்மெத்தை விட்டுவிட்டு முகாஷைப் பார்த்தே பேசினார்.

“நாலு மாசம் என்ன செஞ்சீங்க? இப்ப வந்து நின்னா எப்படி?”

முகாஷுக்கு பதில் வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டார். “அவகிட்ட கேளுங்க சார். நடந்தது அவளுக்கு.”

“இப்பதான் என்னால பேச முடியுது,” என்றாள் பெர்மெத். அதிகாரி பேனாவை எடுத்தார்.

அடுத்த வாரம் காசிம், சமாதானம் பேச வருகிறவர்களின் வழக்கப்படி, ஒரு கொழுத்த செம்மறியைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார். ஆட்டை இறக்கிக் கதவுக் கம்பியில் கட்டிவிட்டுத்தான் பேச்சையே எடுத்தார்.

“முகாஷ், நமக்குள்ள இருபது வருசப் பழக்கம். பையன் தெரியாம பண்ணிட்டான். பொண்ண எங்க வீட்டு மருமகளா எடுத்துக்கறோம். புகார வாபஸ் வாங்கிடு. ஊர் வாயும் அடங்கிடும்.”

முகாஷ் திரும்பிப் பார்த்தார். பெர்மெத் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“நான் சொல்றேன்.” அவள் வீட்டுச் செருப்போடே வாசல் வரை வந்தாள். “சித்தப்பா, அன்னைக்கும் உங்க தம்பிகிட்ட வேணாம்னுதான் சொன்னேன். அவன் காதுல வாங்கல. இன்னைக்கும் வேணாம்னுதான் சொல்றேன். நீங்களாவது காதுல வாங்கிக்கங்க.”

காசிம் ஆட்டை அவிழ்த்தார். அது திரும்ப ஏற மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. அவர் ஒண்டியாக இழுத்துப் பார்த்து மூச்சு வாங்கினார். இருபது வருடப் பழக்கம், முகாஷ் தன்னையறியாமல் போய் அதன் பின்னங்கால்களைத் தூக்கி உள்ளே தள்ளினார். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. கார் போன பிறகுதான், தான் உதவி செய்ததே அவருக்கு உறைத்தது.

ஸ்டாண்டில் சில ஓட்டுநர்கள் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். அவர் முறை வரும்போது வேறு வேன் முந்திக்கொண்டது. ஆனால் ஒருவர், கண்ணாடி துடைக்கிற சாக்கில் அருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “அந்த மாடி எந்தக் கட்டடத்துல இருக்கு? எங்க அக்கா பொண்ணு ஒருத்திக்கு...” முகாஷ் இடத்தைச் சொன்னார். எதற்கு என்று கேட்கவில்லை.

வழக்கு டிசம்பரில் முடிந்தது. தாலாய்க்கு எட்டு வருடம். மேல்முறையீடு இன்னும் கிடப்பில் இருக்கிறது. தீர்ப்பு நாளன்று மகள் சந்தோஷப்படுவாள் என்று முகாஷ் எதிர்பார்த்தார். அவளோ வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கினாள், மூன்றாம் நாள் எழுந்து வேலைக்குப் போனாள். வசந்தம் வந்ததும், இனி வாராவாரம் வரத் தேவையில்லை என்று அவளும் சைராவும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை முகாஷ் தனியாக மாடியேறினார். சைரா தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

“பெர்மெத்துக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கும்மா. அந்தப் பனி நாளுக்கு மறுநாள் காலைல ஸ்டாண்டுல தாலாயப் பாத்தேன். பனியில பத்திரமா கொண்டுவந்து விட்டியே, நல்லா இருப்பன்னு சொல்லி, கட்டிப் பிடிச்சு நன்றி சொன்னேன். அவனும் சிரிச்சுக்கிட்டே நின்னான். அந்தச் சிரிப்பு கண்ண விட்டுப் போக மாட்டேங்குது.”

சைரா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். “சொல்லுங்கண்ணே,” என்றாள்.